லென்ஸ் நிற்கும் கோணம்



திருகு மவுண்ட், பயோனெட் மவுண்ட் இரண்டில் எது மேல் என்று கேட்டால் புகைப்படக்காரர்கள் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு. "திருகு என்றால் சுற்றிச் சுற்றி மாட்ட வேண்டும். பயோனெட் என்றால் ஒரு கிளிக்கில் வேலை முடிந்தது. அதனால்தான் பயோனெட் ஜெயித்தது." இதில் பொய் ஏதும் இல்லை. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தவர்களுக்கு அந்தச் சில நொடிகளின் அருமை தெரியும். ஆனால் வேகம் மட்டும்தான் காரணம் என்றால், வேகமான பயோனெட் 1932லேயே கடைக்கு வந்த பிறகும் திருகு ஏன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முதல் வரிசையில் நின்றது? திருகு தோற்றதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. லென்ஸ் கேமராவின் முன்னால் எந்தக் கோணத்தில் வந்து நிற்கும் என்று திருகால் உறுதி சொல்ல முடியவில்லை. பயோனெட்டால் முடிந்தது. இந்த ஒரு வேறுபாட்டைத்தான் இன்று விரிவாகப் பேசப்போகிறேன்.

இரண்டின் அமைப்பும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நம் ஊர் பல்ப் ஹோல்டரில் இரண்டு பின் உள்ள பல்பை உள்ளே அழுத்தி, கொஞ்சம் திருப்பினால் பூட்டிக்கொள்கிறது. அது பயோனெட். அலங்கார விளக்குகளில் மரை போட்ட பல்பு வருகிறதே, அது திருகு. கேமராவிலும் இதே கதைதான். திருகு மவுண்டில் லென்ஸின் பின்புறத்தில் மரை, கேமராவின் முகத்தில் அதற்கு ஏற்ற மரை. சில முழுச் சுற்றுகள் சுற்றினால் இறுகும். பயோனெட்டில் லென்ஸின் பின்புறம் மூன்று அல்லது நான்கு உலோக நாக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். கேமரா வாயில் உள்ள இடைவெளிகளில் அவற்றை நுழைத்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால், உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் தகடுகள் அந்த நாக்குகளைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஒரு சின்ன பின் வந்து பள்ளத்தில் விழும். அந்தச் சத்தம்தான் நாம் கேட்கும் கிளிக்.

மவுண்ட் செய்ய வேண்டிய முதல் வேலை, லென்ஸைச் சரியான தூரத்தில் நிறுத்துவது. லென்ஸ் அமரும் உலோக முகத்துக்கும் ஃபிலிம் இருக்கும் தளத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஃபிளாஞ்ச் தூரம் என்கிறோம். அது எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கு காட்டும். 50 மி.மீ. லென்ஸை முடிவிலியில் வைத்திருக்கிறீர்கள். மவுண்ட் 0.1 மி.மீ. தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது லென்ஸ் உண்மையில் ஃபோகஸ் செய்வது 25 மீட்டரில். 135 மி.மீ. லென்ஸ் என்றால் 180 மீட்டருக்குச் சற்று மேல். 28 மி.மீ. அகலக்கோண லென்ஸ் என்றால் எட்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அகலக்கோண லென்ஸ் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். மவுண்ட் விஷயத்தில் நிலைமை நேர் எதிர். பிழை ஒன்றேதான், ஆனால் குவியத் தூரம் குறையக் குறைய அடி பலமாக விழும். விலை மலிவான அடாப்டரில் 28 லென்ஸை மாட்டி, தொலைவில் இருக்கும் மலை தெளிவாக வரவில்லை என்று லென்ஸைக் குறை சொல்பவர்கள் முதலில் அடாப்டரை அளந்து பார்க்க வேண்டும்.

இந்தத் தூரத்தைத் திருகு மவுண்டில் காப்பாற்றுவது மரை என்று தோன்றும். அப்படியில்லை. மரைகளுக்கு நடுவே எப்போதும் ஒரு நூலிழை இடைவெளி உண்டு. இல்லாவிட்டால் சுழலவே சுழலாது. தூரத்தைக் காப்பாற்றுவது லென்ஸின் தோள்பட்டை, அதாவது மரை முடிந்த இடத்தில் உள்ள தட்டையான வளையம். அது கேமராவின் தட்டையான முகத்தில் போய் அமர்கிறது. மரை அதை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பயோனெட்டிலும் தட்டையான முகங்கள் இரண்டு சந்திப்பதுதான் தூரம். இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங். ஆக, தூரம் என்ற முதல் வேலையில் இரண்டும் சமம். பிடிப்பில் திருகு ஒருபடி மேல் என்றே சொல்வேன். மரை ஒரு சாய்தளம் என்பதால் கையின் சிறிய முறுக்கு பெரிய அழுத்தமாக மாறுகிறது. ஸ்பிரிங்குக்கு ஓர் எல்லை உண்டு. கனமான டெலி லென்ஸைப் பயோனெட்டில் மாட்டி, கேமராவை மட்டும் ட்ரைபாடில் பூட்டினால், ஸ்பிரிங் மெல்ல வளைந்து கொடுக்கும். பெரிய லென்ஸ்களுக்குத் தனியாக ஒரு காலர் வைத்து, லென்ஸையே ட்ரைபாடில் பிடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனம் மைக்ரோஸ்கோப் செய்துகொண்டிருந்தது. அங்கே ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா 1925இல் வெளிவந்தபோது அதன் லென்ஸ் கழற்ற முடியாதது. 1930இல்தான் கழற்றி மாட்டும் திருகு வந்தது. விட்டம் 39 மி.மீ., ஆனால் மரை அங்குலத்துக்கு 26. ஜெர்மன் கேமராவில் ஆங்கிலேய அங்குலக் கணக்கு வந்தது மைக்ரோஸ்கோப் உலகின் பழக்கத்தால். அந்த முதல் ஆண்டில் ஃபிளாஞ்ச் தூரம் ஒரே அளவாக இல்லை. ஒவ்வொரு கேமராவுக்கும் அதன் லென்ஸைத் தொழிற்சாலையிலேயே பொருத்திச் சரிசெய்தார்கள். கேமரா எண்ணின் கடைசி இலக்கங்களை லென்ஸின் மேல் பொறித்தார்கள். அந்த லென்ஸ் அந்தக் கேமராவுக்கு மட்டும். 1931இல் 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்திய பிறகே எந்த லென்ஸும் எந்த லைக்காவிலும் உட்கார்ந்தது. அப்படி நிலைப்படுத்திய கேமராவின் மவுண்டில் ஒரு சின்ன பூஜ்ஜியம் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய லைக்கா கையில் கிடைத்தால் தேடிப் பாருங்கள்.

லைக்கா திருகு உலகப் பொதுச்சொத்தாகவே ஆகிவிட்டது. சோவியத் ஒன்றியத்தின் ஃபெட், ஜோர்க்கி, ஜப்பானின் கேனன், நிக்கா, லியோடாக்ஸ், இங்கிலாந்தின் ரீட் எல்லாம் அந்த 39 மி.மீ. வாயோடு வந்தன. அதற்கேற்ற லென்ஸ்களையும் பலர் செய்தார்கள். 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன், டோக்கியோவில் நிக்கானின் நிக்கோர் லென்ஸ்களைக் கண்டு வியந்து, அவற்றைத் தன் லைக்காவில் திருகிக்கொண்டுதான் போர்முனைக்குப் போனார். ஜப்பான் லென்ஸ் என்றால் மலிவு நகல் என்ற எண்ணம் மேற்கில் உடைந்தது அந்தப் படங்களுக்குப் பிறகுதான். நிக்கோர் என்ற பெயர் உலகுக்குத் தெரிந்ததில் அந்த எளிய மரைக்கும் பங்கு உண்டு. லேத்தும் நல்ல கையும் உள்ள எந்தப் பட்டறையும் வெட்டக்கூடிய வாய் அது.

லைக்காவின் எதிரி சைஸ் ஐகான். அவர்கள் 1932இல் கொண்டுவந்த கான்டாக்ஸில் பயோனெட். 50 மி.மீ. லென்ஸ்களுக்கு உள்ளே ஒரு பயோனெட், மற்றவற்றுக்கு வெளியே இன்னொன்று, ஃபோகஸ் செய்யும் சுருள்மரை கேமராவுக்குள்ளேயே. பிரமாதமான பொறியியல், சிக்கலான பொறியியல். 1936இல் டிரெஸ்டனில் இருந்து வந்த கினே எக்ஸாக்டாவிலும் பயோனெட்தான். ஆக, வேகம் வேண்டியவர்களுக்கு அது முப்பதுகளிலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் லைக்காக்காரர்கள் திருகிக்கொண்டே இருந்தார்கள். திருகில் குறை ஒன்றும் தெரியவில்லை. லைக்காவில் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு எப்படி இணைந்திருந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். 50 மி.மீ. லென்ஸின் பின்னால் முழு வட்டமாக ஓர் உலோக வளையம். ஃபோகஸ் திருப்பினால் அது முன்னும் பின்னும் நகரும். கேமராவுக்குள் ஒரு சின்ன உருளை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். வளையம் முழு வட்டம் என்பதால் லென்ஸ் எந்தக் கோணத்தில் நின்றாலும் கவலையில்லை. லென்ஸ் கேமராவுக்குச் சொல்ல வேண்டியிருந்த ஒரே செய்தி தூரம். அதைச் சொல்ல வட்டம் போதும்.

செய்தி இரண்டாகும் இடத்தில்தான் திருகு திணறுகிறது. 1954இல் லைக்கா எம்3 வந்தது. அதன் வியூஃபைண்டரில் 50, 90, 135 மூன்றுக்கும் சட்டக் கோடுகள். 90 லென்ஸை மாட்டினால் 90க்கான கோடு தானாகவே தோன்ற வேண்டும். லென்ஸ் தன் குவியத் தூரத்தைக் கேமராவுக்கு அறிவிக்க வேண்டும். லைட்ஸ் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பயோனெட்டின் நாக்குகளில் ஒன்றின் நீளத்தை லென்ஸுக்கு லென்ஸ் மாற்றினார்கள். லென்ஸ் பூட்டி நிற்கும்போது அந்த நாக்கு உள்ளே ஒரு நெம்பைத் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறதோ அதைப் பொறுத்து எந்தக் கோடு தோன்றுவது என்று முடிவாகும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. லென்ஸ் எப்போதும் ஒரே கோணத்தில் வந்து நிற்கும் என்ற உறுதி ஒன்றுதான் இதற்கு ஆதாரம். பழைய வாடிக்கையாளர்களையும் அவர்கள் கைவிடவில்லை. புதிய ஃபிளாஞ்ச் தூரத்தை 27.8 மி.மீ. ஆக்கினார்கள், பழையதைவிடச் சரியாக 1 மி.மீ. குறைவு. 1 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் போட்டால் பழைய திருகு லென்ஸ்கள் அனைத்தும் எம்3இல் உட்காரும். இருபத்து நான்கு ஆண்டுகளாக லென்ஸ் வாங்கிச் சேர்த்தவர்களுக்குச் செய்த மரியாதை அது. கேமரா வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இதுவும் ஒன்று.

திருகின் இரண்டாவது பெரிய சாம்ராஜ்யம் எம்42. 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி, 45.46 மி.மீ. ஃபிளாஞ்ச் தூரம். 1949இல் டிரெஸ்டனின் கான்டாக்ஸ் எஸ்ஸில் வந்தது, பிராக்டிகா அதைப் பரப்பியது, 1957இல் ஜப்பானின் அசாஹி பென்டாக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது. 30 லட்சத்துக்கும் மேல் தயாரான சோவியத் ஜெனிட்-ஈ பெரும்பாலும் இந்த மரையோடுதான் வந்தது. டக்குமார், ஹீலியோஸ் என்று இன்றும் தேடி வாங்கப்படும் லென்ஸ்களின் வீடு இது.

எம்42 கேமராக்கள் எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்ப்பவை. அவற்றில் சிக்கல் வேறு. வியூஃபைண்டரில் வெளிச்சம் வேண்டுமென்றால் அபர்ச்சர் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஷட்டர் திறக்கும் கணத்தில் அது எஃப்/8க்கோ எஃப்/11க்கோ சுருங்க வேண்டும். எம்42இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். லென்ஸின் பின்னால் ஒரு சிறு பின் துருத்தி நிற்கும். ஷட்டரை அழுத்தினால் கேமராவுக்குள் ஒரு தகடு முன்னே வந்து அதைத் தள்ளும். அந்தத் தகட்டைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அது அகலமான பட்டை. ஏன் அவ்வளவு அகலம்? பின் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாததால்.

ஏன் சொல்ல முடியாது? 1 மி.மீ. இடைவெளி உள்ள மரையில் ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி, லென்ஸை 1 மி.மீ. நகர்த்துகிறது. மரை தொடங்கும் இடம் 0.05 மி.மீ. முன்பின் ஆனால் லென்ஸ் நிற்கும் கோணம் 18 டிகிரி மாறும். 5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமென்றால் கேமராவிலும் லென்ஸிலும் சேர்ந்து வரும் பிழை ஒரு மில்லிமீட்டரில் எழுபதில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். அதுவும் பல நிறுவனங்கள், பல நாடுகள், பல லட்சம் லென்ஸ்கள். மரையின் விட்டத்தையும் ஆழத்தையும் துல்லியமாக வெட்டிவிடலாம். மரை எந்த டிகிரியில் தொடங்குகிறது என்பதைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று லேத் பட்டறையில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றித் தோள்பட்டை தேய்ந்தால் கோணம் இன்னும் நகரும். பயோனெட்டில் கோணத்தைத் தீர்மானிப்பது அந்த ஒரு பூட்டுப் பின். தேய்மானம் தூரத்தைத் தொடலாம், கோணத்தைத் தொடாது.

அறுபதுகளின் கடைசியில் எல்லோரும் திறந்த அபர்ச்சரிலேயே ஒளி அளக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அதற்கு, நீங்கள் எந்த எண்ணில் அபர்ச்சரை வைத்திருக்கிறீர்கள் என்பதை லென்ஸ் கேமராவுக்குச் சொல்ல வேண்டும். எம்42இல் ஒவ்வொருவரும் தனித்தனி வழி தேடினார்கள். 1969இல் பிராக்டிகா எல்எல்சி லென்ஸின் பின்னால் மின்தொடர்புப் புள்ளிகளை வைத்தது. பென்டாக்ஸ் ஒரு நெம்பு வைத்தது. ஃபுஜிக்கா அபர்ச்சர் வளையத்தில் ஒரு சிறு நாக்கை நீட்டி, லென்ஸ் திரும்பாமலிருக்க ஒரு பூட்டுப் பின்னும் சேர்த்தது. பாருங்கள், திருகு மவுண்டுக்குள் பயோனெட்டின் பின் வந்து உட்கார்ந்துவிட்டது! ஒருவர் வழி இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. எல்லோருக்கும் பொதுவான மரை என்ற பெருமை பெயரளவுக்கு மிஞ்சியது. 1975இல் பென்டாக்ஸே எம்42ஐக் கைவிட்டு கே பயோனெட்டுக்கு மாறியது. அவர்களும் லைக்காவின் நல்ல வழியைப் பின்பற்றி, பழைய லென்ஸ்களைக் கைவிடாமல் 45.46 மி.மீ. தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நம்மில் பலர் புகைப்படம் கற்றுக்கொண்ட கே1000 இந்தக் குடும்பம்தான்.

பயோனெட் இருந்தால் மட்டும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பேச்சு தானாக வந்துவிடாது என்பதற்கு நிக்கான் சாட்சி. 1959இல் வந்த எஃப் மவுண்ட் பல பத்தாண்டுகள் நிலைத்தது, 46.5 மி.மீ. தூரம் ஒருபோதும் மாறவில்லை. ஆனால் லென்ஸின் அதிகபட்ச அபர்ச்சர் என்ன என்று கேமராவுக்குத் தெரிவிக்க, 1968இன் ஃபோட்டோமிக் எஃப்டிஎன்னில் லென்ஸை மாட்டியதும் அபர்ச்சர் வளையத்தை இரு முனைக்கும் ஒருமுறை திருப்ப வேண்டும். பழைய நிக்கான்காரர்களின் விரல்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் இருக்கும். 1977இல் நிக்கானின் ஏஐ வகை லென்ஸ்கள் வந்த பிறகே அந்த வேலை தீர்ந்தது.

கேனன் இன்னொரு பாதையில் போனது. 1971இன் எஃப்டி மவுண்டில் லென்ஸ் சுழலவே சுழலாது. நேராக வைத்து, அதன் பின்னால் உள்ள வளையத்தை மட்டும் இறுக்க வேண்டும். முகங்கள் ஒன்றோடொன்று உரசாததால் தேய்மானம் இல்லை. வளையம் சாய்தளத்தில் இறுகுவதால் பிடிப்பு திருகுக்கு நிகர். கோணமும் உறுதி. மூன்று நன்மையும் ஒரே மவுண்டில்! ஆனாலும் ஒரு கையால் மாட்ட வசதியில்லை என்ற குறை நிலவியதால், 1979இல் லென்ஸையே திருப்பும்படி மாற்றினார்கள். இந்தப் பின்வாங்கலில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. சினிமாக்காரர்கள் அந்த வழியை விடவில்லை. கோடம்பாக்கத்தில் கேமரா உதவியாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் பிஎல் மவுண்டில் லென்ஸ் நேராக உள்ளே போகிறது, வளையம் இறுகுகிறது. ஃபோகஸ் இழுப்பவருக்கு எண்கள் எப்போதும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும், பல கிலோ எடையுள்ள லென்ஸும் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டையும் அது நிறைவேற்றுகிறது.

1985இல் மினோல்டா 7000 வந்ததும் எஸ்எல்ஆர் உலகில் திருகின் கதை ஏறக்குறைய முடிந்தது. ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் இருந்தது. கேமராவின் முகத்திலிருந்து ஒரு மெல்லிய தண்டு வெளியே வந்து லென்ஸில் உள்ள பள்ளத்துக்குள் நுழைந்து சுழற்ற வேண்டும். ஒரு சில டிகிரி தவறினாலும் தண்டு பள்ளத்தைத் தேடிக்கொண்டே நிற்கும். 1987இல் கேனன் ஈஎஃப் மவுண்ட் இயந்திரத் தொடர்பு அனைத்தையும் விட்டுவிட்டு, அபர்ச்சர், ஃபோகஸ் இரண்டையும் மின்தொடர்புப் புள்ளிகள் வழியாகவே நடத்தியது. சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். கோணம் உறுதியில்லாத மவுண்டில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பேச்சு தேவைப்படாத இடங்களில் திருகு இன்றும் ராஜா. ஓர் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 மரை, 17.526 மி.மீ. தூரம் உள்ள சி மவுண்ட் ஒருகாலத்தில் 16 மி.மீ. சினிமா கேமராக்களில் இருந்தது. இன்று தொழிற்சாலையில் பாட்டில் மூடியைச் சோதிக்கும் கேமராக்களில் அதே மரை இருக்கிறது. அங்கே அபர்ச்சரையும் ஃபோகஸையும் ஒருமுறை வைத்து, சின்ன ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுவார்கள். லென்ஸ் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பயோனெட்டுக்கு நாம் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. லேத் உள்ள எவரும் திருகு வெட்டலாம். பயோனெட், அதிலும் மின்தொடர்பு உள்ள பயோனெட், நிறுவனத்தின் சொந்த வீடு. உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. கேனனின் ஆர்எஃப் மவுண்ட் 2018இல் வந்தது. வெளி நிறுவனங்களான சிக்மாவும் டாம்ரானும் அனுமதி பெற்று அதற்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்வதாக அறிவித்தது 2024இல். மாணவர்களும் சிறிய ஸ்டூடியோக்காரர்களும் அந்த ஆறு ஆண்டுகளும் குறைந்த விலை லென்ஸுக்குக் காத்திருந்தார்கள். இந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆறுதலான செய்தியும் உண்டு. மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணாடி இல்லாததால் ஃபிளாஞ்ச் தூரம் சுருங்கிவிட்டது. சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் ஜெட்டில் 16. எம்42 லென்ஸின் 45.46இல் 18ஐக் கழித்தால் 27.46 மி.மீ. அந்த நீளத்தில் வெறும் உலோகக் குழாய் ஒன்று போதும், உங்கள் தாத்தா வாங்கிய ஹீலியோஸ் நேற்று வாங்கிய கேமராவில் முடிவிலிவரை ஃபோகஸ் ஆகும்.

கூட்டம் முடிந்ததும் இந்த மேசையில் உள்ள கேமராக்களை எடுத்து மாட்டிப் பாருங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. சாம்பல் நிற மூடி போட்ட அந்த நீண்ட டெலி லென்ஸின் மரை எம்42 இல்லை. அது டாம்ரான் 1957இல் அறிமுகப்படுத்திய டி மவுண்ட். விட்டம் அதே 42 மி.மீ.தான், ஆனால் மரை இடைவெளி 0.75, தூரம் 55 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எம்42 கேமராவில் அது முக்கால் சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். அங்கே பலம் காட்டினால் இரண்டு மரையும் போய்விடும். அதற்கான இடைவளையம் பக்கத்திலேயே இருக்கிறது. வளையத்தின் ஓரத்தில் மூன்று சிறிய ஸ்க்ரூக்கள் தெரியும். லென்ஸை மாட்டியபின் எண்கள் கீழே போய் நின்றால், அவற்றைத் தளர்த்தி, எண்கள் மேலே வரும்வரை லென்ஸைத் திருப்பி, மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது.